காசுப் பலகையும் டெட்ராய்ட் சுவரும்

1971-ல் தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு மாதிரியை வெளியிட்டார். சதுரங்கப் பலகையில் இரண்டு நிறக் காசுகளைக் கலந்து பரப்புங்கள். சுற்றியுள்ள காசுகளில், உதாரணமாக, மூன்றில் ஒரு பங்காவது தன் நிறமாக இல்லாவிட்டால் அந்தக் காசு வேறு காலிக் கட்டத்துக்குப் போகும். அவ்வளவுதான் விதி. கொஞ்ச நேரத்தில் பலகை தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துவிடும். 2014-ல் வை ஹார்ட்டும் நிக்கி கேஸும் இதை முக்கோணம், சதுரம் வைத்து ‘பாரபிள் ஆஃப் தி பாலிகன்ஸ்’ என்ற இணைய விளையாட்டாக ஆக்கினார்கள். விளையாடிப் பாருங்க, அருமையா இருக்கும்.

ஆனால் இதை மட்டும் காட்டி நிறுத்தினால், "யார் மேலயும் தப்பில்லை, தானா நடந்தது" என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். ஷெல்லிங்கின் பலகையில் எந்தக் காசும் எந்தக் காலிக் கட்டத்துக்கும் போகலாம். டெட்ராய்ட்டில் அப்படியா இருந்தது?

1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை நான்கு நிறங்களாகத் தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பினக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டினால்கூட கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. டெட்ராய்ட்டில் ஒரு கட்டுநர் 1941-ல் நடுவே ஆறடி உயரம், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். அதன்பிறகு உத்தரவாதம் கிடைத்தது. சுவர் இன்னும் நிற்கிறது.

இதைப் பலகைக்குள் கொண்டுவர நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பலகை காலியாகத் தொடங்கும், காசுகள் ஒவ்வொன்றாகக் குடியேறும். நிற விருப்பம் பூஜ்யம். ஒரே விதி: மேல்பாதியில் வீடு வாங்க நீலக் காசுக்குக் கடன் கிடையாது. முடிவில் மேல்பாதி முழுக்க மஞ்சள். யாருக்கும் யார் மேலும் வெறுப்பில்லை, ஆனாலும் பிரிவினை.

அடுத்து அந்த விதியை அழித்துவிட்டு ஓட்டுங்கள். 1968-ல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்ததைப் போல. ஒரு காசும் நகராது! நகர அவற்றுக்குக் காரணமே இல்லை. மேல்பாதி வீட்டு விலை ஆண்டுதோறும் ஏறும் என்று ஒரு வரி சேர்த்தால், நகர நினைக்கிற நீலக் காசுக்கும் பணம் போதாது.

வகுப்பில் காட்டுபவர்கள் ஷெல்லிங் ஆட்டத்தோடு இந்த இரண்டு சுற்றையும் சேர்த்து ஓட்டுங்கள். பிறகு பலகை மறுபடி கலக்க என்ன விதி வேண்டும் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.