பெனியன்

பெனியன் என்பது, பருத்தி நூலால் பின்னப்பட்டு, சேர்ட்டுக்கு உள்ளேயோ சாரத்தின் மேல் தனித்தோ ஆண்கள் அணியும் மெல்லிய மேலுடைக்கு இலங்கைத் தமிழில் வழங்கும் பெயராகும். தமிழ்நாட்டில் இது பனியன் எனவும் சிங்களத்தில் பெனியம எனவும் வழங்குகிறது. மூன்று வடிவங்களும் ஆங்கில அகராதிகளில் ‘பன்யன்’ என இடம்பெறும் ஒரே சொல்லோடு தொடர்புடையவை. ஆங்கிலத்திலோ அது ஒரு வணிகனையும் ஒரு மரத்தையும் ஓர் அங்கியையும் முறையே குறித்த பின்னரே உள்ளுடைக்குப் பெயராயிற்று.

வணிகன் எனப் பொருள்படும் வடமொழி ‘வணிஜ்’ குஜராத்தியில் ‘வாணியோ’ என ஆனது. தமிழில் வழங்கும் வணிகன், வாணிகம் ஆகியனவும் இக்குடும்பத்தோடு உறவுடையன. குஜராத்தின் வணிகர்கள் அரபுக் கடலெங்கும் கடை விரித்திருந்தமையால், அவர்களைச் சுட்டிய இச்சொல் அரபியர் வாயிலும் போர்த்துக்கேயர் வாயிலும் பழகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. பாரசீக வளைகுடாவில் இன்று பந்தர் அப்பாஸ் எனப்படும் துறைமுகத்தின் அருகே இவ்வணிகர்கள் வழிபட்ட ஓர் ஆலமரத்தை ஐரோப்பியப் பயணிகள் ‘பனியாக்களின் மரம்’ என்றனர். நாளடைவில் ஆலமரம் முழுவதற்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயராகியது. அவ்வணிகர்கள் ஊன் உண்ணாதவர்கள் என்பதால், பிரித்தானியக் கடற்படையில் இறைச்சி வழங்கப்படாத நாட்களுக்கும் ‘பன்யன் நாள்’ என்ற பெயர் ஏற்பட்டது.

உடைப்பொருளின் தொடக்கம் 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. யப்பானுடன் வணிகம் செய்த ஒல்லாந்தர் அங்கிருந்து கொண்டுவந்த கிமோனோ என்னும் தளர்ந்த அங்கி ஐரோப்பியச் செல்வந்தரிடையே விருப்பம் பெற்றபோது, தேவைக்குப் போதாத அவ்வங்கியை ஈடுசெய்யச் சோழமண்டலக் கரையில் சாயமேற்றப்பட்ட சீத்தைத் துணியாலும் அவை தைக்கப்பட்டன. ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1666இல் ஜோன் ஹேல்ஸ் என்னும் ஓவியரிடம் தம் உருவத்தை வரைவித்தபோது, இத்தகைய இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டமையைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இறுக்கமான மேலங்கியைக் களைந்து வீட்டில் ஓய்வாக இருப்போனின் உடையான இது, கற்றோரின் அடையாளமாகவும் கருதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இவ்வங்கி ‘பன்யன்’ எனப் பரவலாக அழைக்கப்பட்டது. இன்று பிரித்தானியாவில் அப்பொருளை அருங்காட்சியகங்களும் உடை வரலாற்றாசிரியர்களுமே பெரிதும் ஆளுகின்றனர்.

முழங்கால் தாண்டிய அங்கியின் பெயர் மார்பை மட்டும் மூடும் உள்ளுடைக்கு எப்படி வந்தது என்பதற்கான சான்று, ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பேர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹொப்சன்–ஜொப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் கிடைக்கிறது. இந்துக்களின் மேலுடையை ஒத்திருந்த மஸ்லின் உள்ளுடைக்கு முதலில் இப்பெயர் இடப்பட்டதென்றும், பின்னர் இழுபடும் பின்னல் துணியாலான உள்ளுடைக்கு அது மாறியதென்றும் அவ்வகராதி கூறுகிறது. உடையைக் குறித்த பொருள்களுள் இதுவொன்றே தென்னாசியாவில் வேரூன்றியது.

கொழும்பில் இச்சொல் வணிகனைக் குறித்து வழங்கவில்லை. வணிகனைச் சுட்டும் ‘செட்டி’ என்னும் சொல்லால் அதற்கான இடம் அங்கே முன்னரே நிரம்பியிருந்தது. தமிழர் செட்டியார் தெரு என்றும் சிங்களவர் ஹெட்டிவீதிய என்றும் அழைக்கும் தெரு ஒன்றே அதற்குப் போதிய சான்று. ஆகவே அங்கு உடைப்பெயராக மட்டுமே நிலைபெற்ற இச்சொல்லின் ஒலி கவனத்துக்குரியது. இந்தி, தமிழ்நாட்டுத் தமிழ் வடிவங்கள் அகர ஒலியோடு நிற்க, இலங்கை வடிவங்கள் இரண்டும் எகரத்தை அண்டிய ஒலியோடு தொடங்குகின்றன. அது ஆங்கில உச்சரிப்பின் முதலுயிருக்கு நெருக்கமானது. எனவே தமிழ்நாட்டுச் சொல் கடல் கடந்து திரிந்ததாகக் கொள்வதைவிட, ஆங்கிலேயர் வாய்வழி இலங்கையில் தனித்து நிலைபெற்ற வடிவமாகக் கொள்வதே பொருத்தம். சப்பாத்து, லேஞ்சி, களிசான் என இலங்கைத் தமிழில் வழங்கும் உடைப்பெயர்கள் போர்த்துக்கேயத்திலிருந்து வந்து சிங்களத்திலும் இணை வடிவங்களோடு வாழ்கின்றன; உறை என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லான ‘சாருங்’ தமிழில் சாரமாகவும் சிங்களத்தில் சரமவாகவும் ஆயிற்று. பெனியன் இத்துறைமுகச் சொற்களின் வரிசையில் வந்த ஆங்கில உறுப்பினர்.

சாரமும் பெனியனும் என்னும் இணைச்சொல் கொழும்பில் உழைக்கும் ஆணின் தோற்றத்தையே சுட்டும். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் மூட்டை சுமந்த நாட்டாமிகளின் உடை அதுவே: வட்டக்கழுத்தும் அரைக்கையும் கொண்ட பெனியனில் பை இல்லாமையால், காசும் வெற்றிலையும் சாரத்து மடியில் செருகப்பட்டன. வெள்ளவத்தைக் காலி வீதியின் புடவைக்கடைகளில் கைவைத்த பெனியன், கையில்லாப் பெனியன் என்ற பாகுபாடு உண்டு. வெளியே அணிவதற்குரிய பின்னலாடை ‘ரீசேர்ட்’ எனப் பிரிந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் அப்பிரிவு அவ்வளவு இறுக்கமானதன்று. திருப்பூரில் பின்னலாடை ஆலை எதுவும் ‘பனியன் கம்பெனி’யே. சிங்களத்திலோ பொருள் வேறு திசையில் விரிந்து, சாரத்தோடு அணியப்படும் கழுத்துப்பட்டியற்ற நீள்கைச் சட்டையையும் உள்ளடக்குகிறது.

ஒரே தமிழின் இரு கரைகளில் ஒலியும் பொருளெல்லையும் இவ்வாறு வேறுபடுவதால், பெனியன் என்பதைப் பனியனின் கொச்சைத் திரிபாகக் கருதுவது தவறு. தமிழ் அகராதிகள் அதனை இலங்கை வழக்கு என்னும் குறிப்போடு தனிப்பதிவாக ஏற்க வேண்டும்.