ஹாக்கி ஊரில் கூடைப்பந்து அணி பிழைக்குமா? டிராகன்ஸ் விட்டுச் சென்ற கணக்கு

கோலாலம்பூர்: தலைநகரின் பெயரைத் தாங்கிய ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த அணி அது. 2016ஆம் ஆண்டில் ஆசியான் கூடைப்பந்து லீக்கின் வெற்றியாளர் பட்டத்தையும் வென்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவுக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னால் "அப்படியா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதே மேசையில் 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ண ஹாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐம்பது ஆண்டுகள் ஆகியும் கதை நிற்காது.

ஹாக்கியை நேசிக்கும் ஊரில் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்று நிலைக்க முடியுமா என்ற கேள்விக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு ஏற்கெனவே ஒரு முறை பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒரு பிழைப்பாகுமா என்ற கேள்வியும் இதற்குள் இருப்பதால், அந்தப் பதிலைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

ஹாக்கி எப்படி நம் ஊர் ஆட்டமானது?

1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. அப்போதைய உலக வெற்றியாளரான நெதர்லாந்தை மலேசியா 2-1 எனத் தோற்கடித்தது. அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக 2-1 என முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் அஸ்லாம் ஷேர் கான் கோலடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. இறுதியில் பாகிஸ்தானை வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டுபோன இந்திய அணியில் சென்னைக்காரரான வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார்.

நான்காவது இடமே கிடைத்தாலும், அந்த மலேசிய அணியை மக்கள் மறக்கவில்லை. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மகேந்திரன், பாலசிங்கம், பூன் ஃபூக் லோக், ஃபிராங்கோ டி'குரூஸ் என எல்லா இனத்தவரும் அதில் ஆடினார்கள். ஹாக்கியில் நம்மவர் பெயர் அதன் பிறகும் தொடர்ந்தது. நீண்ட காலம் தேசிய அணியின் கோலைக் காத்த எஸ். குமார் அதற்கு அண்மைய சான்று. 2010, 2018 ஆகிய இரு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அரையிறுதியில் இந்தியாவை வீழ்த்தி வெள்ளிப் பதக்கம் பெற்றோம். 2018இல் அந்த அரையிறுதி பெனால்டி ஷூட் அவுட் வரை போனது.

இந்தப் பற்றுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரமும் இருந்தது. பழைய காலத்தில் ஹாக்கி மட்டையைப் பிடித்தவருக்கு மின்சார வாரியம், காவல் துறை, வங்கி போன்ற இடங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. ஆட்டத்துக்கென்று பெரிய சம்பளம் இல்லை; ஆனால் மாதச் சம்பளமுள்ள வேலை இருந்தது. இன்றைய மலேசிய ஹாக்கி லீக்கிலும் டெனாகா நேஷனல் போன்ற நிறுவனங்களின் அணிகள் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஏணி என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

கூடைப்பந்தும் அயல் ஆட்டமல்ல

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம். அது உலகெங்கும் பரவியதும் பெரும்பாலும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். தமிழ்நாட்டில் 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதற்குத் துணை நின்றது. கோலாலம்பூர் ஒய்.எம்.சி.ஏ. இன்றும் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது.

மலேசியாவில் இந்த ஆட்டத்தை வளர்த்தவை சீனப்பள்ளிகளும் சீனச் சமூக மன்றங்களும். சீனப்பள்ளி வளாகத்திலோ புதுக்கிராமத்திலோ கூடைப்பந்துத் திடல் இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த வேர் பலன் தந்தது. 1979இல் ஜகார்த்தாவிலும் 1989இல் கோலாலம்பூரிலும் சீ விளையாட்டுப் போட்டியில் மலேசிய ஆடவர் அணி, கூடைப்பந்தில் அசைக்க முடியாத பிலிப்பைன்ஸை மீறித் தங்கம் வென்றது.

ஹாக்கி ஒரு வட்டத்திலும் கூடைப்பந்து வேறொரு வட்டத்திலும் வளர்ந்தன. கிள்ளான் பண்டமாரானில் ஹாக்கி அரங்கமும் உண்டு, கூடைப்பந்து ஆடும் புதுக்கிராமமும் உண்டு. ஆனால் ஒன்றின் ரசிகர் மற்றதன் ஆட்டத்துக்குப் போவது அரிது.

டிராகன்ஸ் வந்த கதை

2009ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியது. ஏர் ஆசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் அதன் தலைவராக இருந்தார். முதல் பருவத்தில் ஆறு நாடுகளிலிருந்து ஆறு அணிகள்; மலேசியாவுக்குக் கோலாலம்பூர் டிராகன்ஸ். ஜாலான் ஹங் ஜெபாட்டிலுள்ள மாபா அரங்கம், அதாவது மலேசியக் கூடைப்பந்து சங்கத்தின் அரங்கம், அதன் சொந்தத் திடல்.

பின்னர் அணியின் பெயருக்கு முன்னால் 'வெஸ்ட்போர்ட்ஸ்' சேர்ந்தது. கிள்ளான் துறைமுகத்தின் புலாவ் இண்டாவில் கொள்கலன்களை ஏற்றி இறக்கும் அதே வெஸ்ட்போர்ட்ஸ்தான். 2023இல் மறைந்த டான்ஸ்ரீ ஜி. ஞானலிங்கம் கட்டியெழுப்பிய நிறுவனம் அது. அவருடைய மகன் ரூபன் ஞானலிங்கம் அணியின் உரிமையாளர்களில் ஒருவர். இங்கிலாந்தின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் காற்பந்துக் குழுவிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஆட்டக்காரர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். குகனேஸ்வரன் பத்துமலையும் சத்தியசீலன் குப்புசாமியும் டிராகன்ஸ் சீருடையில் ஆடியவர்கள், நாட்டையும் பிரதிநிதித்தவர்கள். கிள்ளான் துறைமுகத்தின் பணம், தமிழ் ஆட்டக்காரர்கள், தலைநகரின் நடுவில் அரங்கம் என எல்லாம் இருந்தன.

2014இல் இறுதிச் சுற்றில் பாங்காக் அணியிடம் தோற்ற டிராகன்ஸ், 2015-16 பருவத்தில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3-2 என்ற ஆட்டக் கணக்கில் வென்று பட்டம் பெற்றது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஏரியல் வாங்கார்டியா பயிற்றுநர். பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்தியவர் ஜேசன் பிரிக்மேன் என்ற பிலிப்பினோ வம்சாவளி அமெரிக்கர்.

2019-20 பருவம் கோவிட் காரணமாகப் பாதியில் நின்றது. 2023இல் லீக் அழைப்புப் போட்டியாக மீண்டும் நடந்தபோது மலேசியாவிலிருந்து ஆடியது நெகிரி செம்பிலானின் என்.எஸ். மேட்ரிக்ஸ். அதன் பின்னாலும் சிரம்பானைச் சேர்ந்த ஒரு வீட்டுமனை நிறுவனம் நின்றது. கோலாலம்பூரின் பெயரில் அங்கே அணி இல்லை.

பணம் எங்கே இடிக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை டிராகன்ஸின் வரவு செலவுகள் அல்ல. நிலைமையைப் புரிந்துகொள்ள நாமே எடுத்துக்கொண்ட எண்கள்.

மாபா அரங்கில் சுமார் 2,500 பேர் அமரலாம். ஒவ்வோர் இருக்கையும் 20 வெள்ளிக்கு விற்றால் ஓர் ஆட்டத்துக்கு 50,000 வெள்ளி. பருவத்துக்குச் சொந்தத் திடலில் 10 ஆட்டம் என்றால் மொத்தம் 5 லட்சம் வெள்ளி. இது ஓர் இருக்கைகூடக் காலியில்லாமல் இருந்தால் வரும் தொகை.

இனிச் செலவு. உள்ளூர் ஆட்டக்காரர் 10 பேருக்கு மாதம் 5,000 வெள்ளி வீதம் 6 மாதத்துக்கு 3 லட்சம் வெள்ளி. மீதி 2 லட்சத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் சம்பளம், பயிற்றுநர், மருத்துவர், அரங்க வாடகை, பாங்காக், மணிலா, ஹோ சி மின் நகரம் என்று அணி முழுவதும் பறக்கும் செலவு, தங்கும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அரங்கம் நிரம்பினாலும் துண்டு விழும்.

ஆகவே இத்தகைய அணி ஒரு நிறுவனத்தின் தோளில்தான் நிற்கும். நிறுவனம் எதற்காகக் கொடுக்கிறது? தன் பெயரைப் பலர் பார்ப்பார்கள் என்பதற்காக. அந்தப் 'பலர்' ஒரே சமூகத்தின் ஒரு பகுதியாக இருந்துவிட்டால், முதலாளியின் ஆர்வம் உள்ளவரைதான் அணி.

ஹாக்கியில் நிலைமை தலைகீழ். அங்கே பணம் குறைவு. ஆனால் அப்பா ஆடினார், மாமா ஆடினார் என்று குடும்பம் குடும்பமாக வரும் ஆட்கள் இருக்கிறார்கள். டிராகன்ஸுக்குப் பணம் இருந்தது, பட்டமும் கிடைத்தது. நகரம் முழுவதையும் தன்பக்கம் இழுக்கும் ஆட்கள்தான் சேரவில்லை.

இத்தனைக்கும் தூரம் ஒரு காரணமல்ல. பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையம் மகாராஜாலேலா. அங்கிருந்து நடந்தே மாபா அரங்கத்துக்குப் போகலாம். கிள்ளானில் இருப்பவர் கொமியூட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்தால் போதும்.

திடல் சொல்லும் உண்மை

1975இல் நாம் ஆடியது புல்தரையில். அடுத்த ஆண்டே மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. அதன் பிறகு தோட்டத்துத் திடலில் பழகிய பையனுக்கும் தேசிய அணிக்கும் இடையே இடைவெளி பெரிதானது. செயற்கைத் தரை போட பெருந்தொகை வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது பழைய திடல்களும் பல இடங்களில் போய்விட்டன. மலேசிய ஹாக்கி அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 2000ஆம் ஆண்டு சிட்னியில்.

அளவையும் பாருங்கள். ஹாக்கித் திடல் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். கூடைப்பந்துத் திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஒரு ஹாக்கித் திடல் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய 12 கூடைப்பந்துத் திடல்கள் அடங்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட மூவர் கூடைப்பந்துக்கு இன்னும் குறைவு: 15 மீட்டருக்கு 11 மீட்டர், ஒரே ஒரு வளையம். ஆறு பேரும் ஒரு பந்தும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல சிறிய வளாகங்களில் இயங்குபவை. முழு ஹாக்கித் திடலுக்கு அங்கே வழியில்லை. சபைகூடும் இடத்தின் ஓரத்தில் ஒரு வளையத்துக்கு வழியுண்டு.

இதற்காக ஹாக்கியைக் கைவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஹாக்கியில் நமக்கு வரலாறு இருக்கிறது, பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'அது சீனர்கள் ஆட்டம்' என்று ஒதுங்கி நின்றால், சிறு இடத்திலும் கற்கக்கூடிய, சம்பளம் தரக்கூடிய ஓர் ஆட்டத்தின் கதவை நாமே சாத்திக்கொள்கிறோம். குகனேஸ்வரனும் சத்தியசீலனும் அந்தக் கதவு திறக்கும் என்று ஆடிக் காட்டியவர்கள்.

முடியுமா, முடியாதா?

தாங்கும். பத்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கியும் இருக்கிறது. 70 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில் 2,500 இருக்கைகளை நிரப்ப ஆள் இல்லாமல் போகாது. தென்கிழக்காசியாவில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. காற்பந்தே உயிர் என்றிருக்கும் வியட்நாமில், ஆசியான் லீக்கில் ஆடிய சைகோன் ஹீட் அணியைத் தொடர்ந்து 2016இல் உள்நாட்டுத் தொழில்முறை லீக்கே தொடங்கிவிட்டது. அணியின் பின்னால் ஒரு லீக் இருந்ததால், ஒரு முதலாளி விலகினாலும் ஆட்டம் விலகவில்லை.

கோலாலம்பூரில் அடுத்த அணி எப்போது வந்தாலும், அது கிண்ணத்திலிருந்து தொடங்காமல் பள்ளிகளிலிருந்து தொடங்க வேண்டும். சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி, தேசியப்பள்ளி மூன்றுக்கும் பொதுவான மூவர் போட்டி ஒன்றை மாவட்ட அளவில் நடத்தலாம். இறுதியாட்டத்தைத் தொழில்முறை அணி ஆடும் அதே அரங்கில், அதே நாளில் வைக்கலாம். பிள்ளை ஆடினால் பெற்றோர் வருவார்கள். பண்டமாரான் ஹாக்கி அரங்கத்துக்கு அவர்கள் வருவதும் அதனால்தானே.

அதற்கு முன்னால் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தில் புறப்பாட நடவடிக்கை பற்றிப் பேச்சு வரும்போது, பள்ளி வளாகத்தில் 15 மீட்டருக்கு 11 மீட்டர் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இடம் இருந்தால், ஒரு கம்பமும் ஒரு வளையமும்தான் மீதிச் செலவு.