டெர்ரானிக்மா: காலந்தாழ்ந்து வந்த விளையாட்டு

உலகம் ஒரு படைப்பை மறந்துவிட்டதென்றால், அதில் சுவை குறைந்திருக்க வேண்டும் என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த ‘டெர்ரானிக்மா’ என்னும் விடியோ விளையாட்டின் வரலாறு அம்முடிவைப் பொய்யாக்குகின்றது.

இதனை ஆக்கியது குவின்டெட் நிறுவனம், வெளியிட்டது எனிக்ஸ். நிஹோன் ஃபால்கம் நிறுவனத்தில் ‘ஈஸ்’ விளையாட்டுகளுக்காக உழைத்த மசாயா ஹஷிமோட்டோ, டொமொயோஷி மியாசாகி ஆகிய இருவரும் பிரிந்து வந்து நிறுவியதே குவின்டெட். 1992இல் ‘சோல் பிளேசர்’, 1993இல் ‘இல்லூஷன் ஆஃப் காயா’. அவற்றின் பின்னர் இது. ஜப்பானியர் இதற்கு இட்ட பெயரின் பொருள், விண்ணையும் மண்ணையும் படைத்தல் என்பது.

பெயருக்கேற்ற கதை. நிலத்தடி உலகில் கிரிஸ்டா என்னும் சிற்றூரில் வாழும் குறும்புக்கார இளைஞன் ஆர்க். திறக்கலாகாத பெட்டியைத் திறந்துவிடுகின்றான். ஊரார் உறைந்து போகின்றனர். அவர்களை மீட்க ஐந்து கோபுரங்களில் போராடுகின்றான். ஒவ்வொரு கோபுரத்தையும் வெல்ல, மேலுலகில் ஒரு கண்டம் மீண்டும் எழுகின்றது. பின்னர் அவனே மேலே சென்று செடிகொடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும், இறுதியில் மனிதரையும் உயிர்ப்பிக்கின்றான்.

இவ்வகை ஆட்டங்களில் வீரன் பகைவரைக் கொன்று குவித்து முன்னேறுவதே வழக்கம். இங்கோ பெரும் போர் முடியுந்தோறும் ஏதேனும் ஒன்று உயிர் பெறுகின்றது. ஈட்டியேந்தி ஓடலாம், தாவலாம், பாய்ந்து குத்தலாம்; விரல்களுக்கு நல்ல வேலையுண்டு. மந்திர ஏற்பாடு மட்டும் ஏன் வைத்தார்களோ, பெரும்பயன் ஒன்றும் இல்லை.

மரங்களோடும் விலங்குகளோடும் பேசித் திரிந்த ஆர்க், மனித இனம் தோன்றியதும் அவ்வாற்றலை இழக்கின்றான். நேற்று உதவிய சிங்கத்தின் மொழி இன்று அவனுக்கு விளங்கவில்லை. ஊர்கள் நகரங்களாகின்றன, தொலைபேசியும் விமானமும் வருகின்றன. ஆட்டக்காரர் தம் கையாலேயே வளர்த்த வளர்ச்சி இது. ஆதலின் அதனால் நேர்ந்த இழப்பும் அவர் கையைத்தான் உறுத்துகின்றது. இருளின் தலைவனை வென்றால் கீழுலகம் மறையும். அங்குப் பிறந்த ஆர்க்கும் மறைவான். அறிந்தே அவன் வெல்கின்றான்.

இத்தகைய படைப்பு ஏன் பரவவில்லை? இது சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காகச் செய்யப்பட்டது. அக்கருவி விற்பனைக்கு வந்ததோ 1990இல். 1994இன் இறுதியிலேயே சேகாவின் சாட்டர்னும் சோனியின் பிளேஸ்டேஷனும் கடைக்கு வந்துவிட்டன. முப்பரிமாணக் காட்சிகளில் மயங்கியிருந்த கூட்டம், தட்டைப் படங்களைத் திரும்பிப் பார்க்குமா? ஐரோப்பாவில் நிண்டெண்டோ இதனை வெளியிட்ட 1996இல், நிண்டெண்டோ 64 ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்துவிட்டது. வட அமெரிக்காவின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. எனிக்ஸ் தன் அமெரிக்கக் கிளையை 1995இல் மூடிவிட்டமையால், ஐரோப்பாவுக்கென ஆங்கில மொழிபெயர்ப்பு செய்யப்பட்டிருந்தும் அங்கே கடைக்கு வரவே இல்லை. ஐரோப்பிய ஆட்டப்பேழை அமெரிக்கக் கருவியில் அப்படியே ஓடாது. அந்நாட்டார் பலர் ஆர்க்கை முதன்முதலிற் கண்டது, ஆண்டுகள் பல கழிந்து, கணினியில் எமுலேட்டர் வழியாகத்தான்.