மின்கலவடுக்கும் குறைகடத்தியும்

சிலாங்கூரின் மின்சார வரலாறு 1894ஆம் ஆண்டில் ரவாங்கில் தொடங்குகிறது. ஈயச் சுரங்கம் நடத்திய லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் அங்கு மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கமாகவே அதனைக் குறிப்பர். இருவருள் ஒருவர் தமிழர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம், பேசலாம். எனினும் மின்சாரம் வந்த விரைவில் அதற்குரிய தமிழ்ச்சொற்கள் வந்துசேரவில்லை. அவை வேறு இரு கரைகளில் ஆக்கப்பட்டன.

ஒன்று தமிழகம். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் கண்டனர். மற்றொன்று இலங்கை. அங்கு 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இரு கரைச் சொற்களும் பல இடங்களில் ஒன்றுபடவில்லை.

மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். சுவர்க் கடிகாரத்தில் இடும் உலர்மின்கலம் ஒன்று 1.5 வோல்ட் தரும். ஒன்றன் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொடுமாறு நான்கை வைத்தால் 6 வோல்ட் கிட்டும், இது தொடரிணைப்பு. நேர்முனைகளை ஒருபுறமும் எதிர்முனைகளை மறுபுறமும் சேர்த்துக் கட்டினால் 1.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. ஆனால் விளக்கு நெடுநேரம் எரியும். இவ்விரண்டாம் முறையைத் தமிழகம் பக்க இணைப்பு என்கிறது. இலங்கை சமாந்தர இணைப்பு என்கிறது. 'இணை' கொண்டு ஆக்கலாமே எனின், 'இணை இணைப்பு' என்று நா தடுக்கும்.

பல கலங்கள் சேர்ந்த பேட்டரிக்கு இலங்கையர் இட்ட பெயர் மின்கலவடுக்கு. ஆங்கிலச் சொல் பீரங்கி வரிசையைக் குறித்தது. பெஞ்சமின் பிராங்கிளின் அதை மின்துறைக்குக் கொணர்ந்தார். நம் சொல்லோ, 1800இல் வோல்ட்டா அறிவித்த முதற்கருவியையே கண்முன் நிறுத்துகிறது. துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும், இடையே உப்புநீரில் நனைத்த அட்டையுமாக ஒன்றன்மேல் ஒன்றாய் அவர் அடுக்கியது உண்மையிலேயே ஓர் அடுக்குத்தான். மூலத்தினும் சிறந்த ஆக்கம் என்றே கருதுகிறேன்.

குறைகடத்திக்கு அப்பேறு வாய்க்கவில்லை. செம்பு மின்சாரத்தைக் கடத்தும்; கண்ணாடி கடத்தாது; சிலிக்கான் இடைப்பட்டது. ஆதலால் 'குறை' என்றனர். சிலர் அரைக்கடத்தி என்றனர். இரண்டும் அளவை மட்டும் நோக்கிய பெயர்கள். சிலிக்கானின் சிறப்பு குறைவில் இல்லை. வேண்டியவாறு மாற்றத்தக்க தன்மையில் உள்ளது. பத்து இலட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரஸோ போரானோ சேர்த்தாலே அதன் கடத்துதிறன் பன்மடங்கு பெருகும். சூடேறினால் செம்பு கடத்துவது குறையும்; தூய சிலிக்கான் கடத்துவது கூடும். ஆயினும் சொல் வேரூன்றிவிட்டது. இனி அதனைப் பிடுங்குவதில் பயனில்லை.

பந்திங்கில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தடையற்ற வாணிப மண்டலங்களுள் ஒன்று, நமக்கு அண்மையிலுள்ள தெலுக் பங்லிமா காராங். தோஷிபாவின் குறைகடத்தி ஆலை அங்கு இயங்கியது. இத்தகைய ஆலைகளில் நம் தோட்டப்புறப் பெண்கள் பலர் நுண்ணோக்கியில் கண்பதித்து, தலைமுடியினும் மெல்லிய பொற்கம்பியைச் சிலிக்கான் சில்லில் பொருத்தினர். நாளெல்லாம் கையாண்ட பொருளுக்குத் தமிழ்ப்பெயர் உண்டென்பதை அவர்களுக்கு யார் சொன்னார்?

தமிழ்ப்பள்ளி ஆறாண்டுக் கல்வியே. மின்சுற்றும் தொடரிணைப்பும் அதற்குள் அடங்கும். குறைகடத்தி இடைநிலைப்பள்ளியில் மலாயில் வரும். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது அந்த மின்சுற்றும் கைநழுவியது. 2009இல் அரசு அம்முடிவைக் கைவிட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, சில தமிழ்ப்பள்ளிகள் மீண்டும் ஆங்கிலவழி சென்றன.

இலங்கையிலும் தமிழகத்திலும் உயர்வகுப்பு இயற்பியலைத் தமிழில் கற்பிக்கும் பாடநூல்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு படிகளேனும் நம் வட்டார நூலகத்தில், மலாய்ப் பாடநூலுக்குப் பக்கத்தில் வைக்கப்பெற வேண்டுமென இம்மன்றத்தாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.