பத்துக் கேள்விகள்

பிள்ளை பிறந்த வீடு. தொட்டிலைச் சுற்றிக் கூட்டம், கூடத்திலே சிரிப்பொலி, வருவோர் கைக்கெல்லாம் சர்க்கரை. பெற்றவளோ மூலையிலே சுவரைப் பார்த்துப் படுத்து அழுகிறாள். ஏனம்மா அழுகிறாய் என்று கேட்பார் எவருமில்லை. "கண்ணேறு பட்டுவிட்டது" என்கிறாள் ஒருத்தி. "காற்றுச் சேட்டை" என்கிறாள் மற்றொருத்தி. வேப்பிலை வருகிறது, மந்திரித்த கயிறு வருகிறது, மருத்துவர் மட்டும் வருவதில்லை!

இந்த அறியாமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே! அறிவியலில் முந்திய ஐரோப்பாவும் அந்தக் கேள்வியைக் கேட்க நெடுங்காலம் தயங்கியது. மனநோய் விடுதியிலே எழுந்த கேள்வி, குற்றக் கூண்டைக் கடந்து, தாயின் வீட்டு வாயிலை அடைந்த வரலாறு நாம் அறியவேண்டிய ஒன்று.

1858ஆம் ஆண்டு, பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே, கருவுற்றோர், ஈன்றோர், பாலூட்டுவோர் ஆகியோரைத் தாக்கும் மனநோய்கள் குறித்துத் தனி நூலே எழுதினார். 310 பெண்களின் நிலையை அதிலே ஆராய்ந்தார். ஆனால் பித்து முற்றி விடுதிக்குக் கொண்டுவரப்பட்டோரே அந்நாளில் பெரும்பாலும் மருத்துவர் கண்ணிற்பட்டனர். வீட்டு மூலையில் ஓசையின்றி வாடியோர் படவில்லை.

இங்கிலாந்திலோ, மனங்கலங்கித் தன் சிசுவைக் கொன்ற தாய்க்கும் மரண தண்டனையே சட்டம் வகுத்த தீர்ப்பு. 1922இல் வந்த சிசுக்கொலைச் சட்டம், மகப்பேற்றால் அவள் மனநிலை பிறழ்ந்திருக்கலாம் என்பதை ஏற்றுக் குற்றத்தின் கடுமையைக் குறைத்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டு நிரம்பாத குழந்தை வரை அதனை விரித்தது. நல்ல சட்டந்தான்! ஆனால் குழந்தை மாண்டு, தாய் கூண்டேறிய பிறகல்லவா, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டது உலகம்!

மனச்சோர்வுற்ற தாய்மாருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கிழைப்பவரல்லர், தமக்குள்ளேயே தேய்பவர். அவர்கள் எத்தனை பேர்? 1968இல் பிரைஸ் பிட் என்னும் மருத்துவர், லண்டனில் 305 தாய்மாரை ஆராய்ந்தார். 33 பேர் மகப்பேற்றுக்குப்பின் மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தனர். அரிய நோயன்று, அண்டை வீட்டு நோய் என்பது புலனாயிற்று.

இதனைக் கண்டறிவது எப்படி? உறக்கமில்லையா, உடல் சோர்கிறதா என்று கேட்டால் பயனில்லை; கைக்குழந்தைக்காரி எவளுக்கும் இவை உண்டு. ஆகவே 1987இல் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவர் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டனர். பத்தே கேள்விகள், கடந்த 7 நாட்களின் மனநிலையைப் பற்றியவை. சிரிக்க முடிந்ததா, காரணமின்றிக் கலங்கினாயா, உனக்கு நீயே தீங்கிழைத்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்பவை. மொத்த மதிப்பெண் 30. அது நோயை உறுதிப்படுத்தாது. மருத்துவர் பார்க்கவேண்டியவர் யார் என்பதைச் சுட்டும்.

கேட்டால் மட்டும் போதுமா? 1989இல் அதே மூவர் விடை தந்தனர். பயிற்சி பெற்ற சுகாதாரச் செவிலியர், வாரம் ஒருமுறையென எட்டு முறை வீடு சென்று தாயின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டனர். அவ்வாறு கவனிக்கப்பட்ட 26 பேரில் 18 பேர் நலம் பெற்றனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேரே தேறினர்.

செல்வ நாட்டுக்கன்றோ இது பொருந்தும் என்பீரேல், பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரத்துச் சிற்றூர்களைப் பாருங்கள். 2008இல் வெளிவந்த ஆய்வின்படி, மனநல நிபுணரல்லாத ஊர்ச் சுகாதாரப் பெண் பணியாளரே பயிற்சி பெற்று மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளுக்குத் துணை நின்றனர். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, துணை பெற்றோரில் நூற்றுக்கு 23 பேரிடமே நோய் எஞ்சியிருந்தது. அத்தகைய பயிற்சித் துணை பெறாதோரில் 53 பேரிடம்!

நம் தமிழ்நாட்டின் செய்தி என்ன? இங்குள்ள சிற்றூர்த் தாய்மாரைப் பற்றி 2002இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு 11 பேருக்கு மகப்பேற்றுக்குப்பின் மனச்சோர்வு புதிதாகத் தோன்றியதெனக் கூறியது. அதனோடு சேர்ந்து வந்தவை எவை? பேயா? பிசாசா? இல்லை! வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, வேலைக்குக் கைகொடுப்பாரின்மை, ஆண்மகவை எதிர்பார்த்த வீட்டில் பெண்மகவு பிறந்தது! பெண்ணைப் பெற்றாள் என்பதற்காகக் கடுகடுத்த முகங்களைக் கயிறு கட்டியா மாற்றுவது?

2017ஆம் ஆண்டின் இந்திய மனநலச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயது நிரம்பாத குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. சட்டம் தன் பங்கைச் சொல்லிவிட்டது. வீடு தன் பங்கைச் செய்ததா?

இளைஞர்களே! கேள்வி கேட்பதே பகுத்தறிவு என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கேள்வியைத் தொட்டிலருகேயும் கேளுங்கள். இரவிலே குழந்தையை ஏந்திக்கொள்ளுங்கள், அவளை உறங்கவிடுங்கள். இரு வாரங்கள் கடந்தும் துயரம் நீங்காவிடில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, ஒரு நொடியும் தனியே விடாதீர். அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

குழந்தையின் நலம் கேட்க ஊரே வருகிறது. தாயின் நலம் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்!