வடபழனி அறையிலிருந்து வல்லக்கோட்டைச் சாலைக்கு

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரத்தில் நிற்பவர். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். கிருத்திகை நாளில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் வேலை செய்பவர்களும் இந்தக் கோயிலுக்கு வருகிறார்கள். கோயிலுக்கு வெளியே காவடியையும் சாமி புறப்பாட்டையும் போனில் எடுத்தவர்கள், அன்றிரவே அதை வெட்டி, பாட்டுச் சேர்த்து, தமிழில் தலைப்புப் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, கணினியில் எதையும் நிறுவ வேண்டியதுமில்லை. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் அதுவே எடிட்டிங் அறை.

அந்த அறை ஒரு காலத்தில் இன்னொரு முருகன் கோயிலைச் சுற்றி இருந்தது. 1948இல் ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்தது. வாகினி ஸ்டூடியோவும் வடபழனியில் எழுந்தது. படம் தொடங்குமுன் வடபழனி ஆண்டவர் சந்நிதியில் பூஜை போடுவது திரையுலக வழக்கமானது. எடுத்த படச்சுருள் எடிட்டிங் அறைக்குப் போகும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகம். வினாடிக்கு 24 சட்டகம் ஓடுவதால் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி பிலிமை ஒருவர் கையால் தொட்டு, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி ஒட்டியாக வேண்டும். 1924இல் அமெரிக்காவில் உருவான மூவியோலா இயந்திரத்தில் குனிந்து பார்த்துத்தான் இதெல்லாம் நடந்தது. வெட்டிய துண்டுகள் துணி விரித்த தொட்டிகளுக்கு மேலே கொக்கிகளில் தொங்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று உதவியாளருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். தவறான இடத்தில் நெகட்டிவை வெட்டிவிட்டால் அந்தச் சட்டகம் போனது போனதுதான்.

அந்த அறைக்குள் நுழைய முக்கிய வழி, உள்ளே இருக்கும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்வது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்குநர் இரட்டையரில் பஞ்சு, ‘பஞ்சாபி’ என்ற பெயரில் படத்தொகுப்பும் செய்தவர். அவர்களிடம் உதவியாளராக இருந்தவர் ஏ. பீம்சிங். பீம்சிங்கின் மகன் பி. லெனின் தமிழின் பெரிய படத்தொகுப்பாளர்களில் ஒருவரானார். வி.டி. விஜயனோடு சேர்ந்து அவர் செய்த படங்கள் ஏராளம். குருவிடமிருந்து சீடருக்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு என்று இந்தத் தொழில் கைமாறியது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ஒருவருக்கு ஆசை இருந்தாலும் நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்து, கதவைத் தட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

1989இல் ஆவிட் என்ற கணினிக் கருவி அமெரிக்காவில் வந்தது. பிலிமைத் தொடாமலேயே காட்சிகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பழையபடி வைக்கலாம். இந்தியாவில் ஆவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் படம் என்று கமல்ஹாசனின் ‘மகாநதி’யைச் சொல்வார்கள். அது 1994 பொங்கலுக்கு வந்த படம். தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கி நிற்கவில்லை.

சிற்றூர்களுக்கு எடிட்டிங் போய்ச் சேர்ந்தது சினிமா வழியாக அல்ல, கல்யாணம் வழியாக. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் தொலைக்காட்சி வந்தது, பின்னாலேயே வீடியோ டெக் வந்தது. சில ஆண்டுகளில் ஊருக்கொரு ஸ்டூடியோவில் ‘வீடியோ கவரேஜ்’ பலகை தொங்கியது. இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்ஸர், ஒரு டிவி. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்துகொண்டே வருவதைத்தான் ‘மிக்ஸிங்’ என்றார்கள். நடுவில் ஒரு காட்சியைச் செருக வேண்டுமென்றால் அங்கிருந்து கடைசிவரை மறுபடி பதிய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் படம் மங்கும். இதய வடிவத்துக்குள் மணமக்கள் முகம், பூ விரிந்து அடுத்த காட்சி, பின்னணியில் இளையராஜா. இதை மட்டமான ரசனை என்று ஒதுக்கியவர்கள் அன்று நிறைய பேர். அது சரியல்ல. தங்கள் குடும்பத்தைத் திரையில் பார்க்கும் உரிமையைச் சாதாரண மக்களுக்கு முதலில் கொடுத்தது அந்த வீடியோக்காரர்தான். பிறகு கணினி மலிந்தபோது அதே ஸ்டூடியோக்களில் எடியஸ், பிரீமியர் போன்ற மென்பொருள்கள் வந்து உட்கார்ந்தன.

அங்கே தமிழுக்கு ஒரு தனித் தொல்லை காத்திருந்தது. பழைய எடிட்டிங் மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அதனால் ஸ்டூடியோக்காரர்கள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களை நம்பினார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து, கணினியை ஏமாற்றி எழுதும் முறை அது. கல்யாண வீடியோவின் முதல் காட்சியில் மணமக்கள் பெயர் பிழையில்லாமல் வர, தட்டச்சு செய்பவருக்குத் தனிப் பழக்கம் வேண்டும். பிரீமியரிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றினால்தான் யூனிகோடு தமிழ் சரியாக வந்தது. மாற்றத் தெரியாதவர்கள் பட்ட பாடு பெரிது.

பிரவுசருக்கு இந்தச் சிக்கல் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. தமிழ் இணையப் பக்கங்களைக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் எழுத்துகளைச் சரியாகக் கோக்க அது முன்பே கற்றுக்கொண்டுவிட்டது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கட்டமரான், பவனம், மீரா இனிமை, பாலூ தம்பி, கவிவாணர் என்று தமிழ் வடிவங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘வல்லக்கோட்டை முருகனுக்கு அரோகரா’ என்று யூனிகோடில் தட்டினால், ஒட்டினால், அப்படியே நிற்கிறது. ஓர் எச்சரிக்கை உண்டு: சில தளங்களில் முன்னோட்டத்தில் சரியாகத் தெரிந்த எழுத்து, பதிவிறக்கிய கோப்பில் உடைந்து வரும். முன்னோட்டத்தைக் காட்டுவது பிரவுசர், இறுதிப் படத்தை உருவாக்குவது தளத்தின் சர்வரில் இருக்கும் வேறு நிரல் என்றால் இப்படி நேரும். அனுப்புமுன் பதிவிறக்கிப் பார்ப்பது நல்லது.

பிரவுசரில் வெட்டும் வேலைக்கும் இப்போது ஒரு வரலாறு சேர்ந்துவிட்டது. ஜம்ப்கட் என்ற தளத்தை 2006இல் யாகூ வாங்கியது, 2009இல் மூடியது. யூடியூபே 2010இல் ஓர் எடிட்டரைத் திறந்து 2017 செப்டம்பரில் மூடிவிட்டது. அன்றைய தளங்களில் வீடியோ முழுதையும் சர்வருக்கு ஏற்றிய பிறகுதான் வெட்ட முடியும். நம் ஊர் இணைய வேகத்துக்கு அது பெரிய சுமை. 2017இல் முன்னணி பிரவுசர்கள் வெப்அசெம்பிளி என்ற நுட்பத்தை ஏற்றன. 2021இல் குரோமில் வெப்கோடெக்ஸ் என்ற இன்னொரு நுட்பம் வந்தது. இவற்றால் கணினியின் சொந்த வலிமையைக் கொண்டே, கோப்பு வெளியே போகாமல், பிரவுசருக்குள்ளேயே வீடியோவைப் பிரித்துச் சேர்க்க வழி பிறந்தது. ஆஸ்திரேலியாவின் கிளிப்சாம்ப் என்ற எடிட்டிங் தளம் இந்த வழியில் வளர்ந்தது. 2021 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. மும்பையிலிருந்து இன்வீடியோ வந்தது. வடிவமைப்புத் தளமான கேன்வாவும் வீடியோவுக்கு இடம் கொடுத்தது.

இந்தியாவில் இவற்றுக்கு வாசல் அகலத் திறந்தது ஒரு தடையால். 2020 ஜூன் 29 அன்று அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே பட்டியலில் விவாவீடியோ என்ற எடிட்டிங் செயலியும் இருந்தது. ஒன்றரை வாரத்துக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகிலேயே முதலில் இங்கே சோதனைக்கு வந்தது. படுத்திருந்த திரை நிமிர்ந்தது: அகலம் 9, உயரம் 16. குறுக்கே எடுத்த பழைய வீடியோவை நிமிர்ந்த சட்டத்துக்குள் வெட்டித் தருவது, பேச்சைக் கேட்டுத் தானே வசனம் எழுதுவது, ஆயத்த வார்ப்புருக்கள் ஆகியவையே பிரவுசர் எடிட்டிங் தளங்களின் முதல் கவர்ச்சி. இலவசக் கணக்கென்றால் பல தளங்கள் மூலையில் தங்கள் முத்திரையைப் பதித்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு அடித்தளமும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. பெரிய எடிட்டிங் மென்பொருளைத் தாங்கும் வலிமை அந்தக் கணினிகளுக்கு இல்லை. ஆனால் பிரவுசர் ஓடும். 2016இல் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது.

வல்லக்கோட்டைச் சாலைக்கு இந்தக் கதையில் தனி இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா போன் செய்யத் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடியது. பிறகு அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. வல்லம் வடகாலில் அதன் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உலகம் படம் பிடிக்கும் கருவியைத் தங்கள் கையால் பூட்டும் பெண்கள் இவர்கள். இவர்களுடைய ஷிப்ட் வாழ்க்கையை, விடுதியை, வல்லக்கோட்டைக் கிருத்திகையைப் படமாக்க இனி யாருடைய கதவையும் தட்ட வேண்டியதில்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது: எடுத்ததைக் காப்பது. ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். ஒரு பிரதிகூட இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’கூட இல்லை. கல்யாண கேசட்டுகள் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. பிரவுசரில் செய்த வேலையோ பல தளங்களில் இன்னொருவர் சர்வரில் குடியிருக்கிறது. ஜம்ப்கட் மூடியதுபோல் எந்தத் தளமும் மூடலாம். சமூக ஊடகத்தில் ஏற்றிய பிரதி சுருக்கப்பட்டு, பாட்டு மேலே ஏறி, மூலக் குரல் அமுங்கிப் போனது. இருபது ஆண்டு கழித்து ஒரகடத்தின் கதையை எழுத வருபவருக்குத் தேவைப்படுவது வெட்டாத மூலம்தான்.

ஆகவே இந்தக் கிருத்திகைக்கு எடுத்ததை வெட்டி அனுப்பிய பிறகு, போனில் இடமில்லை என்று மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒரு வன்தட்டில் தேதி, ஊர், எடுத்தவர் பெயர் எழுதிப் போட்டு வையுங்கள். முடிந்தால் இன்னொரு பிரதியை ஊரில் உள்ள வீட்டில் கொடுத்து வையுங்கள்.