பிழைப்புக்கு ஓடியவர்களும் விரும்பி ஓடுகிறவர்களும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மூணாறுக்கும் போடிமெட்டுக்கும் நடுவில் உள்ள சின்னக்கானல், தேயிலைத் தோட்டங்களும் ஏலக்காய்க் காடுகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மலைச்சரிவாகும். கொச்சி-தனுஷ்கோடி சாலை என்று அழைக்கப்படும் தேசிய நெடுஞ்சாலை இந்தப் பகுதியைக் கடந்துதான் மெட்டு எனப்படும் கணவாய் வழியாகப் போடிநாயக்கனூர்ச் சமவெளிக்கு இறங்குகிறது. மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்பு இம்மலைகளில் ஆளும் சரக்கும் செய்தியும் பெரும்பாலும் மனிதர்களின் கால்களையும் பொதிமாடுகளையும் நம்பியே நகர்ந்தன. நெடுந்தொலைவு ஓட்டம் இன்று மாநகரவாசிகளின் விடுமுறைக் காலை நிகழ்ச்சியாகத் தோன்றினாலும், அதன் பழைய வரலாறு பெருமளவு பிழைப்பின் வரலாறே ஆகும். நகர மாரத்தானில் ஓடுகிறவர் அடையும் அனுபவத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும், கூலிக்காக ஓடியவர்களையும் கட்டணம் செலுத்தி ஓடுகிறவர்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இம்மலைகளின் பழைய வழிகள் முதுவர் பழங்குடியினர் நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள். மதுரைப் பக்கமிருந்து தம் முன்னோர் இங்கு வந்து சேர்ந்ததாக அவர்களுடைய வாய்மொழி மரபு கூறுகிறது. 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பின்னர், பயிரிடுவோருக்கு வேலையாட்கள் தேவைப்பட்டனர். திருநெல்வேலி, மதுரை வட்டாரங்களிலிருந்து கங்காணிகள் என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள், போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி போன்ற இடங்கள் வழியாகப் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு கால்நடையாக மேலேறின. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாள வண்டி அமைக்கப்பட்டு, 1908இல் அது சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியாகக் கீழே இறக்கப்பட்டன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடியோடு அழித்தது. அதற்குப் பிறகு அது திரும்பக் கட்டப்படவே இல்லை.

இதே காலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு அஞ்சல் என்ற பெயரில் சொந்தத் தபால் துறை இருந்தது. தேவிகுளம் உள்ளிட்ட இம்மலைப்பகுதியும் அவ்வரசின் எல்லைக்குள் அடங்கியதே. தொடக்கத்தில் அரண்மனை ஓலைகளையும் அரசாங்கக் கடிதங்களையும் மட்டுமே சுமந்த அத்துறை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பொதுமக்களின் கடிதங்களையும் ஏற்றது. அதன் முதுகெலும்பாக இருந்தவர்கள் அஞ்சலோட்டக்காரர்கள். கடிதப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மணி கட்டிய கோலைக் கையில் ஏந்தி, தமக்கென வகுக்கப்பட்ட தொலைவை ஓடிக் கடந்து, அடுத்த இடத்தில் காத்திருக்கும் ஓட்டக்காரரிடம் பையை ஒப்படைப்பது அவர்களுடைய வேலையாக இருந்தது. மணியோசை கேட்டால் வழியில் செல்வோர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது நடைமுறை. பிரித்தானிய இந்தியாவின் தபால் ஓட்டக்காரர்களும் ஏறத்தாழ இதே முறையில்தான் பணிபுரிந்தனர். காட்டுவழியில் அந்த மணி விலங்குகளை விலக்கவும் கோல் தற்காப்புக்கும் உதவின. பதக்கமோ கைத்தட்டலோ கிடைக்காத இந்த ஓட்டக்காரர்களின் பெயர்கள் எந்த முடிவுப் பட்டியலிலும் இல்லை; ஆயினும் தென்னிந்தியாவில் நெடுந்தொலைவை நாள்தோறும், குறித்த நேரத்துக்குள், ஒழுங்காக ஓடியவர்கள் என்று வரலாற்றில் சுட்டத்தக்கவர்களுள் இவர்களும் அடங்குவர். இந்தியா விடுதலை பெற்ற பிறகு, 1951இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைக்கப்பட்டது.

நவீன மாரத்தானின் தொடக்கமும் இத்தகைய உழைப்பிலிருந்து வெகுதொலைவில் இல்லை. 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில், மாரத்தான் என்ற ஊரிலிருந்து அரங்கம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓடி வென்ற ஸ்பைரிடான் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். மறு ஆண்டே அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் தன் ஆண்டுப் போட்டியைத் தொடங்கியது; 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டர் தொலைவு, 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. இந்தியாவிலும் புனே நகரின் டெக்கான் ஜிம்கானா நடத்திய விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு ஓடிய உழவர்களின் வலிமையைக் கண்டு வியந்த தொழிலதிபர் தோராப்ஜி டாடா, 1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஓர் அணியை அனுப்ப முன்வந்தார். அவ்வணியில் சென்ற பெல்காம் ஓட்டக்காரர் பதேப்பா தாரேப்பா சௌகுலே, மாரத்தானை 2 மணி 50 நிமிடங்களில் முடித்து 19ஆம் இடம் பெற்றார்.

நகர மாரத்தான் என்ற வடிவம் வேறொரு மாற்றத்தின் விளைவு. நியூயார்க் மாரத்தான் 1970இல் ஒரு பூங்காவுக்குள் தொடங்கி 1976இல் நகரின் ஐந்து பகுதிகளையும் இணைக்கும் ஓட்டமாக விரிந்ததும், 1981இல் லண்டன் மாரத்தான் தொடங்கியதும், தேர்ந்த வீரர்களோடு ஆயிரக்கணக்கான சாதாரண மக்களும் ஒரே சாலையில் ஓடும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பின. இந்தியாவில் 1983இல் புனேயும் 2004இல் மும்பையும் இவ்வழியில் அடியெடுத்து வைத்தன. சென்னையில் 2006இல் உருவான சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக்காரர் குழு, 2012 முதல் நகரின் மாரத்தானை நடத்திவருகிறது. அலுவலகப் பணியாளர்களும் மருத்துவர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் விடியற்காலையில் கடற்கரைச் சாலைகளில் கூடிப் பயிற்சி செய்யும் பழக்கம், ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டு நகரங்களில் வேரூன்றிவிட்டது.

இந்த ஓட்டக்காரர்களின் அனுபவத்தை நிர்ணயிப்பவை தட்பவெப்பமும் உடலின் எரிபொருளும் ஆகும். சென்னையில் ஜனவரி மாதத்திலும் முழு மாரத்தானை அதிகாலை 4 மணிக்கே தொடங்க வேண்டியிருப்பது, வெயிலுக்கு அஞ்சி மட்டுமன்று. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிய, உள்வெப்பம் தணியாமல் ஏறிக்கொண்டே போகும் என்பதாலும் ஆகும். மார்பில் குத்திய எண் அட்டையோடு இணைந்த சிப் ஒருவருடைய நேரத்தைப் பதிவு செய்ய, முதல் 10 கிலோமீட்டரைக் கூட்டத்தின் உற்சாகமே தள்ளிக்கொண்டு போகிறது; புதியவர்களில் பலர் அந்த உற்சாகத்தில்தான் தம் வேகத்தை மீறி ஓடிப் பின்னால் வருந்துகிறார்கள். ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகும்போது, கால்கள் கனத்து, சிந்தனை மங்கி, ஓட்டம் நடையாகச் சரியும் நிலையையே ஓட்டக்காரர்கள் சுவரில் மோதுவதாகக் குறிப்பிடுகிறார்கள். வழிநெடுகத் தண்ணீரும் உப்புச் சேர்ந்த பானமும் வாழைப்பழமும் வைத்திருக்கும் தொண்டர்களின் முக்கியத்துவம் அந்த வேளையில்தான் விளங்கும். தண்ணீர் போதாமற்போவது எவ்வளவு ஆபத்தோ, வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடித்து இரத்தத்தின் சோடியம் உப்பு நீர்த்துப்போவதும் அவ்வளவு ஆபத்து என்பதைப் பயிற்சிக் குழுக்கள் இப்போது வலியுறுத்துகின்றன.

தேர்ந்த வீரர்களும் இதற்கு விலக்கல்லர் என்பதை வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷாவின் வாழ்க்கை காட்டுகிறது. 2015ஆம் ஆண்டு பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடிகளில் மாரத்தானை முடித்துத் தேசியச் சாதனை படைத்த அவர், மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் 2 மணி 47 நிமிடங்களில் எல்லைக்கோட்டைத் தொட்டதும் மயங்கி விழுந்து மருத்துவ உதவி பெற நேர்ந்தது. வழியில் தமக்குத் தண்ணீரும் பானமும் கொடுக்க இந்தியத் தரப்பில் ஆளில்லை என்று அவர் பின்னர் கூறியதும், தடகளக் கூட்டமைப்பு அதை மறுத்ததும் நாடெங்கும் விவாதிக்கப்பட்டன. அந்த விவாதத்தின் முடிவு எதுவாயினும், 42 கிலோமீட்டர் ஓட்டம் ஓடுகிறவரின் மனவலிமையை மட்டும் சார்ந்ததன்று, அவரைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளையும் சார்ந்தது என்பதை அந்நிகழ்ச்சி எல்லோருக்கும் உணர்த்தியது.

ரியோவில் ஆண்கள் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் 25ஆம் இடம் பெற்ற தோணக்கல் கோபியும் வயநாட்டுக்காரர், இராணுவத்தில் பணிபுரிந்தவர். அவர் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற விதம், இந்திய நகர மாரத்தான்களின் வரலாற்றில் தனித்து நிற்கும் செய்தியாகும். 2016ஆம் ஆண்டு மும்பை மாரத்தானில் அவர் பேசராக, அதாவது சக வீரர் சீரான வேகத்தில் ஓட உதவும் துணை ஓட்டக்காரராகவே இறங்கினார். இத்தகையவர்கள் தம் பங்கு முடிந்ததும் பாதியில் விலகிக்கொள்வது வழக்கம். கோபியோ நிற்காமல் இறுதிவரை ஓடி, இந்திய வீரர்களில் இரண்டாவதாக வந்து, ஒலிம்பிக் தகுதி நேரத்தையும் எட்டினார். 2017இல் அவர் ஆசிய மாரத்தான் வாகையர் பட்டமும் வென்றார். பிறருக்காக ஓட வந்தவர் தனக்கான இடத்தை அதே சாலையில் அடைந்தது, பையைக் கைமாற்றிவிட்டு ஒதுங்க வேண்டியிருந்த பழைய அஞ்சலோட்டக்காரருக்கு என்றும் வாய்க்காத ஒன்று.

சின்னக்கானல் அமைந்துள்ள இடுக்கி மாவட்டம் ஓட்டக்காரர்களை, சிறப்பாகப் பெண் ஓட்டக்காரர்களை, வியக்கத்தக்க அளவில் உருவாக்கியிருக்கிறது. பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், தொடுபுழை வட்டாரத்தில் பிறந்த ஷைனி ஆபிரகாம் 800 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதிக்கு முன்னேறினார். மண வாழ்க்கைக்குப் பின் ஷைனி வில்சன் என்று அறியப்பட்டவர் இவரே. கொம்பிடிஞ்ஞால் என்ற மலைச்சிற்றூரைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்றபோது, அவருடைய தம்பி பினுவும் ஆண்களுக்கான அதே தொலைவில் வெள்ளி வென்றார். நெடுந்தொலைவில் இவர்கள் அனைவரையும் விட நெருக்கமான சான்று, இராஜாக்காட்டுக்கு அருகிலுள்ள முல்லக்கானத்தில் 1982இல் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன். வறுமையில் வளர்ந்து, பாலக்காட்டில் பயிற்சி பெற்று, இரயில்வேயில் வேலை பெற்ற அவர், 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடிகளில் ஓடித் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். நாசிக் மாவட்டத்துப் பழங்குடிச் சிற்றூரிலிருந்து வந்த கவிதா ராவுத், அந்த 10,000 மீட்டரில் ஒரு விநாடிக்குச் சற்றே குறைவான இடைவெளியில் பிரீஜாவைத் தொடர்ந்து வெள்ளி பெற்றார். பாலக்காட்டு மாவட்டத்தின் முண்டூர்ப் பள்ளியில் பயின்று 2017இலும் 2019இலும் ஆசிய அளவில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற பி.யு. சித்ராவின் பெற்றோர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். இவர்களுள் பலருக்கு ஓட்டம் நிலையான வேலைக்கும் குடும்பத்தின் உயர்வுக்கும் வழியாக அமைந்தது. அந்த வகையில் அஞ்சலோட்டக்காரரின் வழித்தோன்றல்கள் என்று இவர்களைக் கருதுவதில் தவறில்லை.

2018 முதல் மூணாற்றிலும் மாரத்தான் நடத்தப்பட்டபோது, நகர ஓட்டக்காரர்கள் இம்மலைக்கு வரத் தொடங்கினர். முழு மாரத்தானைத் தாண்டிய 71 கிலோமீட்டர் நெடுஓட்டமும் அதில் இடம்பெற்றது. சென்னையிலோ கொச்சியிலோ பழகிய கால்களுக்கு இங்கே வேறு பாடங்கள் காத்திருக்கின்றன. ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்களவு குறைவாக இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உயிர்வளி குறைவாகவே கிடைக்கிறது. வழக்கமான வேகத்திலேயே மூச்சு வாங்கும். குளிர்ச்சி வியர்வையைக் குறைத்துக் காட்டுவதால் தாகம் தெரியாமலே உடல் வறளக்கூடும். ஏற்றத்தைவிட இறக்கமே கடினமானது என்பதைப் புதியவர்கள் மறுநாள்தான் அறிகிறார்கள்: இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டியிருப்பதால் அவற்றின் இழைகள் நுண்ணளவில் கிழிந்து, படிகளில் இறங்குவதும் வேதனையாகிவிடும். தேயிலைக் கூடையோடு அன்றாடம் இச்சரிவுகளில் ஏறி இறங்கும் தோட்டத் தொழிலாளப் பெண்களின் கால்கள் எத்தகைய பயிற்சியைப் பெற்றிருக்கின்றன என்பதை அந்த வேதனையிலிருந்து ஓரளவு கணிக்கலாம்.

பிழைப்புக்காக ஓடுகிறவரும் விருப்பத்துக்காக ஓடுகிறவரும் ஒரே நேரத்தில், ஒரே சாலையில், ஒரே தொலைவை ஓடக்கூடிய பொதுநிகழ்ச்சி நகர மாரத்தானைத் தவிர விளையாட்டுலகில் அரிது. இதுவே அதன் பெரும் சிறப்பு என்று கொள்ள வேண்டும். அச்சிறப்பு மலைப்பகுதிகளில் நிலைக்க வேண்டுமானால், கட்டணம் செலுத்தி வரும் வெளியூர் ஓட்டக்காரர்களுக்கு இணையாக, லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகளும் முதுவர் குடிகளின் பிள்ளைகளும் கட்டணமின்றி ஓட இடம் பெற வேண்டும். மலையில் ஓட்டப்போட்டி நடத்த முன்வருவோர் சின்னக்கானல், சூரியநெல்லி, தேவிகுளம், இராஜாக்காடு ஆகிய ஊர்களின் பள்ளிகளுக்கு அழைப்பு அனுப்புவதையும், அப்பிள்ளைகளுக்குக் காலணியும் பயிற்சியாளரும் கிடைக்கச் செய்வதையும் தம் முதல் ஏற்பாடாகக் கொள்ள வேண்டும்.